கல்லூரி விளம்பரப் படத்தில் அந்தக் கல்லூரியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதம் தொடங்கி, பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, தங்கள் நாளிதழ் உட்பட எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் கல்லூரிச் சேர்க்கை விளம்பரங்கள் முழுப்பக்க அளவில் வருகின்றன. அந்த விளம்பரங்களில் வரும் புகைப்படங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கல்லூரிகளுக்குப் படம் எடுப்பதும், விளம்பரப் பக்கம் வடிவமைப்பதும் எங்கள் தொழில். ஆசிரியர் கடிதப் பகுதிக்கு இது நீளம்தான் என்றாலும், செய்முறை விவரங்கள் இருப்பதால் சுருக்காமல் வெளியிட வேண்டுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பை எடுத்து விளம்பரங்களை மட்டும் வரிசையாகப் பார்த்துவிடுங்கள். புல்வெளியில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு வானத்தைப் பார்க்கிறார். வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் கூம்புக் குடுவையில் நீலத் தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பட்டமளிப்புத் தொப்பிகள் பறக்கின்றன. கல்லூரியின் பெயரையும் சின்னத்தையும் கையால் மறைத்துக்கொண்டால், எது எந்தக் கல்லூரி என்று யாராலும் சொல்ல முடியாது. காரணம் எளிது. பல படங்கள் எந்தக் கல்லூரியிலும் எடுக்கப்பட்டவை அல்ல. விலைக்கு வாங்கும் படத் தளங்களிலிருந்து எடுத்த ‘ஸ்டாக்’ படங்கள். இரண்டு ஆண்டுகளாக அவற்றோடு ஏ.ஐ. உருவாக்கிய படங்களும் சேர்ந்துவிட்டன.

வாசகர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கலாம். படத்தில் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். நம் ஊர் மூன்று வட்டத் துளை இருக்கிறதா, வேறு நாட்டின் தட்டைத் துளை இருக்கிறதா? வெளியே மரத்தில் இலை மஞ்சளாகிச் சிவந்திருக்கிறதா? மேலே மின்விசிறி உண்டா? கழுத்தில் அடையாள அட்டைக் கயிறு உண்டா? கரும்பலகையில் இருக்கும் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, அல்லது எழுத்து மாதிரி நெளிந்த கோடுகளா? படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அதே முகம் வேறு எத்தனை விளம்பரங்களில் சிரிக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படம்தானே, அலங்காரத்துக்குப் போட்டது என்று இதை விட்டுவிட முடியாது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு முழுக்க இணையவழியாகிவிட்டது. 400க்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து விருப்பப் பட்டியலை வீட்டிலோ, உதவி மையத்திலோ, ஊர் பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்து நிரப்புகிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இவர்களில் ஏராளம். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் இழந்து ஐந்து கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வர அந்தக் குடும்பங்களால் முடியாது. பெயர், கட் ஆஃப், இந்தப் படம், உறவுக்காரர் சொன்ன ஒரு வார்த்தை: இவ்வளவுதான் அவர்கள் கையில் இருப்பது. நான்கு ஆண்டுகளையும் சில லட்சங்களையும் தீர்மானிக்கும் இடத்தில் அந்தப் படம் நிற்கிறது.

படம் எங்கெங்கே பொய் சொல்கிறது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, கல்லூரியின் நடைமுறை. ஆணும் பெண்ணுமாகக் கலந்து உட்கார்ந்து, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்டுச் சிரிக்கும் படம் வருகிறது. அதே கல்லூரியில் சட்டையை உள்ளே செருகி ஷூ போட வேண்டும், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்த வேண்டும், பேருந்தில் முன்பாதி பெண்களுக்கு பின்பாதி ஆண்களுக்கு, வளாகத்தில் கைபேசி கூடாது என்று விதிகள் இருக்கும். அந்த விதிகள் சரியா தவறா என்பது வேறு விவாதம். சில பெற்றோர் அந்தக் கட்டுப்பாட்டை விரும்பியே சேர்க்கிறார்கள். சில மாணவர்கள் அதற்காகவே சேராமல் இருப்பார்கள். இருவருக்கும் உண்மை தெரிய வேண்டும்.

இரண்டாவது, விடுதி. நான்கு கட்டில் போடும் அறையில் மூன்றை வெளியே தூக்கி வைத்துவிட்டு, மூலையில் நின்று 16 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை ஹோட்டல் அறைபோலத் தெரியும். அகலக் கோண லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, எதிர்ச் சுவரைத் தொலைவுக்குத் தள்ளிவிடும். ஆய்வகத்திலும் இதே வித்தைதான். மூன்றாவது, இன்னும் கட்டி முடிக்காத கட்டடத்தின் கணினி வரைபடத்தைப் புகைப்படம்போலப் போடுவது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் கல்வி நிறுவன விளம்பர நெறிமுறை இதைத் தெளிவாகவே சொல்கிறது: விளம்பரத்தில் காட்டும் கட்டமைப்பு வசதி உண்மையானதாகவும், விளம்பரம் வெளியாகும் நேரத்தில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு பெற்றவர்களின் பாஸ்போர்ட் அளவு முகங்களை வரிசையாக அடுக்கும் விளம்பரத்துக்கும் அதே நெறிமுறையில் ஒரு விதி உண்டு. இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று போட்டால், அந்த ஆண்டு அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்பதையும் போட வேண்டும். இந்த மொத்த எண்ணிக்கையை முகங்களுக்குக் கீழே எந்த அளவு எழுத்தில் போடுகிறார்கள் என்று கவனியுங்கள்; பெரும்பாலும் போடுவதே இல்லை.

இப்படி ஆவதற்கு வேண்டுமென்றே ஏமாற்றும் எண்ணம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் கால அட்டவணைதான் குற்றவாளி. விளம்பரத்துக்கான பணத்தை ஏப்ரலில் ஒதுக்குகிறார்கள். அப்போது மாணவர்கள் செமஸ்டர் தேர்வு விடுப்பிலோ, தேர்வுக் கூடத்திலோ இருக்கிறார்கள். வளாகம் காலி. இருக்கும் ஒரு வாரத்தில் ஏஜென்சி வந்து, நாள் வாடகைக்கு மாடல்களை அழைத்துவந்து, மதிய வெயிலில் எடுத்துவிட்டுப் போகிறது. அந்த வெயிலும் படத்துக்கு எதிரி. ஏப்ரல் நடுவில் மதுரையிலும், ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அந்த வெளிச்சத்தில் கண் இருக்கும் இடத்தில் கருங்குழி விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். அதை மறைக்க ஃப்ளாஷ் அடித்தால் எல்லா முகமும் ஒரே மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஸ்டாக் படமே மேல் என்று நிர்வாகம் முடிவெடுப்பதில் வியப்பில்லை.

ஆகவே முதல் மாற்றம் கேமராவில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. அடுத்த மே மாத விளம்பரத்துக்கான படம் இந்த ஆண்டு கல்லூரி திறக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். முதலாண்டு மாணவர்கள் பெட்டியும் பக்கெட்டுமாகப் பெற்றோரோடு விடுதி வாசலில் நிற்கும் நாள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பிறகு முதலாண்டுப் பட்டறை வகுப்புகள்: எந்தப் பிரிவில் சேர்ந்தவரானாலும் மர வேலை, குழாய் இணைப்பு, வெல்டிங், வீட்டு ஒயரிங், சால்டரிங் என்று கையால் செய்து பார்க்கும் காலம் அது. வாழ்க்கையில் முதன்முறையாக அரம் பிடிக்கும் ஒருவரின் முகத்தில் வரும் கவனத்தை எந்த மாடலாலும் நடிக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேகம் மூடிய வானம் வளாகம் முழுவதற்கும் போட்ட வெள்ளைத் திரை மாதிரி. நாள் முழுக்கப் படம் எடுக்கலாம், வளாகமும் பச்சையாக இருக்கும். ஜனவரியில் பொங்கல் விழா, பிப்ரவரி மார்ச்சில் சிம்போசியமும் கல்ச்சுரல்ஸும், மார்ச் கடைசியில் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவியூ. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் கிராமத்தில் நடக்கும், அதையும் விடக்கூடாது. மாதத்துக்கு இரண்டு அரை நாள் ஒதுக்கினால் போதும். ஆண்டு முடிவில் தேறும் 40 நல்ல படங்கள் பத்திரிகைக்கும் கையேட்டுக்கும் இணையதளத்துக்கும் தாராளமாகக் காணும்.

யார் எடுப்பது? தமிழ்நாட்டில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை இருக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தன் வளாகத்திலேயே கேமராவும் மாணவர்களும் இருக்க, வெளியே ஏஜென்சிக்குப் பணம் கட்டும் கல்லூரிகள் அவற்றில் பல. அனுபவமுள்ள ஒரு புகைப்படக்காரர் மேற்பார்வையில் மூன்று மாணவர்களைப் பழக்கிவிட்டால் வேலை நடக்கும். கருவிகளுக்கும் பெரிய செலவில்லை. முழுப்பக்க விளம்பரம் ஏறக்குறைய 33-க்கு 52 சென்டிமீட்டர். நாளிதழ் அச்சுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் போதும். அதாவது 2600-க்கு 4100, சுமார் 1 கோடியே 7 லட்சம் பிக்சல். இன்று சந்தையில் இருக்கும் 24 மெகாபிக்சல் (2 கோடியே 40 லட்சம் பிக்சல்) சாதாரண கேமரா அதற்கு இரண்டு மடங்கு தரும். 35 மி.மீ., 85 மி.மீ. என இரண்டு லென்ஸ், ஒரு முக்காலி, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை இரண்டு. ஜன்னல் வெளிச்சத்தை முகத்தின் மறுபக்கத்துக்குத் திருப்பிவிட இந்த அட்டையைவிட நல்ல கருவி எங்களுக்குத் தெரியாது.

வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் தவறும் இடங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் உண்மையான படம் எடுக்க முயன்று, படம் சரியாக வராததால் மனம் விட்டு மறுபடி ஸ்டாக் படத்துக்குத் திரும்பும் கல்லூரிகள் இருக்கின்றன.

டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தை 1/250, 1/500 நொடியில் வைத்து எடுத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருமை விழும், அடுத்தடுத்த படங்களின் நிறமும் மாறும். 1/100 நொடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அசைவு குறைவாக இருந்தால் 1/50. வெளிச்சம் போதாவிட்டால் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தயங்காமல் ஏற்றலாம். அதனால் படத்தில் வரும் குருணை நாளிதழ்த் தாளில் தெரியவே தெரியாது. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. ஜன்னல் பெரிதாக இருந்தால் அந்த வரிசை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் சிறிதாக இருக்கும் ஆய்வகம் என்றால் திரையை இழுத்து மூடி, விளக்கை மட்டும் நம்பி, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும் நிறச் சமநிலை) வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்ட கணினி ஆய்வகத்திலிருந்து கேமராவை வெயிலுக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூத்துவிடும். கேமராவைப் பையில் போட்டு, பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எடுக்க வேண்டும். துடைத்தால் மறுபடி பூக்கும்.

மக்கள் கேமராவைப் பார்ப்பதுதான் அடுத்த சிக்கல். முதல் பீரியடில் எல்லாத் தலையும் திரும்பும். புகைப்படக்காரர் கடைசி பெஞ்சில் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். இரண்டாவது பீரியடில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மூன்று மணி நேர லேப் என்றால் கடைசி ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம்: ரீடிங் வராமல் தவிப்பது, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்க நிற்பது, வைவாவுக்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் அவசரமாகக் கேட்டுக்கொள்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். துறைத்தலைவர் உள்ளே நுழைந்து "எல்லாரும் சிரிங்கப்பா" என்று சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் தொழிலின் ஒரு பகுதி.

பாதுகாப்பு விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. லேத் (கடைசல் இயந்திரம்) ஓடிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறோடும், பறக்கும் துப்பட்டாவோடும், விரித்த தலைமுடியோடும் குனிந்து பார்ப்பதாக விளம்பரங்கள் வருகின்றன. லேத்தில் சுழலும் பிடியான சக்கில் கயிறு மாட்டினால் என்ன ஆகும் என்று பட்டறைப் பயிற்றுநரைக் கேட்டால் சொல்வார். அப்படி ஒரு படம் அந்தக் கல்லூரியின் பட்டறையைப் பற்றி மோசமான சான்றிதழ் கொடுக்கிறது. பயிற்றுநர் அருகில் நிற்க வேண்டும். முடி கட்டியிருக்க வேண்டும். கண்ணாடியும் ஷூவும் இருக்க வேண்டும். வேதியியல் ஆய்வகத்திலும் நடக்கும் பரிசோதனையையே எடுங்கள். டைட்ரேஷனில் முடிவுப் புள்ளிக்காகக் குனிந்து பார்க்கும் கண்ணைவிட அழகான காட்சி நீலத் தண்ணீரில் வராது.

இனி எங்களை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறோம்: தோல் நிறம். தமிழ்நாட்டுக் கல்லூரி விளம்பரத்தில் தமிழ்நாட்டு நிறம் அரிதாகவே தெரிகிறது. மாடல்களைத் தேர்ந்தெடுக்கும்போதே வெளுத்த முகம் கேட்கிறார்கள். உண்மையான மாணவரை எடுத்தாலும் கணினியில் வெளுக்க வைக்கிறார்கள். கருமையான பிள்ளை ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, இந்த இடம் என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று நினைத்தால் அது அவர் குற்றமில்லை. இதில் அறியாமையால் நேரும் ஒரு பகுதியும் உண்டு. அதைத் திருத்துவது எளிது. வெள்ளைச் சட்டையோ லேப் கோட்டோ போட்ட கருமையான முகத்தை எடுக்கும்போது கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சட்டையைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு முதல் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) வரை கூட்டி, சட்டையின் மடிப்பு வெளுத்து அழியாத எல்லையில் நிறுத்த வேண்டும். தெர்மாகோல் அட்டையை முகத்துக்கு மூன்றடியில் பிடித்தால் கருமையான தோலில் ஒரு மினுமினுப்பு வரும். அந்த மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் தருவது. பவுடர் பூசி அதை அழித்துவிடக் கூடாது.

அடுத்தது அச்சு. நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சும். அச்சில் படம் சிறு மைப்புள்ளிகளால் ஆனது; 50 சதவீதமாக அனுப்பிய புள்ளி ஏறக்குறைய 75 சதவீதமாக விரிந்து விழும். திரையில் சரியாகத் தெரிந்த கருமையான முகம் காலையில் தாளில் கண்ணும் வாயும் தெரியாத நிழலாக வருவது இதனால்தான். அதைப் பார்த்த நிர்வாகி அடுத்த முறை "கொஞ்சம் கலர் ஏத்துங்க" என்கிறார்; வடிவமைப்பாளர் தோலையே வெளுக்க வைக்கிறார். செய்ய வேண்டியது வேறு. நிறத்தைத் தொடாமல் நடுத்தர ஒளி அளவை மட்டும் படத் திருத்த மென்பொருளின் வளைவுக் கோட்டில் (கர்வ்ஸ்) உயர்த்த வேண்டும். நான்கு மைகளின் கூட்டுத்தொகை 240 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். பளபளத் தாளில் அல்ல, நாளிதழ்த் தாளிலேயே ஒரு புரூஃப் (சோதனை அச்சு) கேட்க வேண்டும். முகம் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். ஐம்பது பேர் நிற்கும் குரூப் போட்டோவைக் கால் பக்கத்தில் போட்டால் எந்த மையாலும் காப்பாற்ற முடியாது.

தனித்தன்மை எங்கிருந்து வரும் என்று முதல்வர்கள் கேட்பதுண்டு. பிரம்மாண்ட நுழைவாயிலையும் ட்ரோனில் எடுத்த கட்டடத் தொகுப்பையும்தான் அவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். வாயில் எல்லாக் கல்லூரிக்கும் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாக் கட்டடமும் மொட்டைமாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். (ட்ரோன் பறக்கவிட விதிகளும் உண்டு. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் எல்லை. மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப் படைத் தளத்தையும் சுற்றித்தான் எத்தனை கல்லூரிகள்!) ஒரு கல்லூரியில் மட்டும் நடப்பது எது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 1937இல் அது இடம்பெயர்ந்து வந்த புதர்க்காடு இருக்கிறது. மரநிழலில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் மாணவரை வேறெங்கும் எடுக்க முடியாது. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு அந்தச் செங்கல் கட்டடங்களும் தாழ்வாரங்களும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் அடையாளம், வளாகத்திலேயே தொழிற்கூடம் இருப்பது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கடல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குச் சேறு படிந்த கால்கள். காந்திகிராமப் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றியிருக்கும் கிராமங்கள். இவ்வளவு வரலாறு இல்லாத, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நெடுஞ்சாலை ஓரம் தொடங்கிய கல்லூரிக்கும் உரியது உண்டு. காலை ஆறு மணிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊரில் கல்லூரிப் பேருந்து ஏறும் மாணவி, பேருந்திலேயே ரெக்கார்டு எழுதுபவர், ஜெராக்ஸ் கடையில் இன்டர்னலுக்கு முந்தைய நாள் கூட்டம், மெஸ்ஸில் ஞாயிறு காலைப் பூரி. கல்லூரி நிர்வாகம் இவற்றை விளம்பரத்துக்குத் தகுதியற்றவை என்று எண்ணுகிறது. பெற்றோர் பார்க்க விரும்புவது இவற்றைத்தான்.

விடுதி அறையை எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். வாசலில் நின்று, மார்பு உயரத்தில், 28 மி.மீ.க்குக் குறையாத லென்ஸில் எடுங்கள். கட்டில்கள் இருந்தபடியே இருக்கட்டும். கொடியில் துணியும் மேசையில் புத்தகமும் இருக்கட்டும். படத்தின் கீழே "4 பேர் அறை, மாணவியர் விடுதி, இரண்டாம் தளம்" என்று போடுங்கள். கழிப்பறை, குடிநீர்க் குழாய், சக்கர நாற்காலிக்கான சாய்தளம், முதலுதவி அறை ஆகியவற்றையும் இணையதளத்திலாவது போடுங்கள். மகளை முதன்முறையாக வெளியூர் அனுப்பும் தாய்க்கு இவை நீச்சல்குளத்தைவிட முக்கியம்.

மாணவரின் சம்மதம் இல்லாமல் இது எதுவும் நடக்கக் கூடாது. துறைத்தலைவர் பெயரைச் சொல்லி அழைத்து நிற்க வைப்பது சம்மதம் ஆகாது. ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் போதும்: எங்கே வெளியாகும் (நாளிதழ், பேருந்தின் பின்பக்கம், ஃப்ளெக்ஸ், இன்ஸ்டாகிராம் எனத் தனித்தனிக் கட்டம்), எத்தனை ஆண்டுகளுக்கு, பின்னர் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது, மறுத்தால் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கோ வருகைப் பதிவுக்கோ பாதிப்பு இல்லை என்ற உறுதி. முதலாண்டில் 17 வயதுக்காரர்கள் பலர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகவே கருதுகிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும். கோச்சிங் சென்டர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலில், வெற்றிபெற்ற மாணவரின் படத்தைப் போட எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும், அதையும் அவர் தேர்ச்சி பெற்ற பிறகே வாங்க வேண்டும் என்று இருக்கிறது. கல்லூரிகளும் அந்த அளவுகோலைத் தாங்களே ஏற்கலாம். முகம் காட்ட விரும்பாத மாணவிகள் உண்டு. படத்தைத் திருத்தி இழிவுபடுத்தும் காலத்தில் அந்த அச்சம் நியாயமானது. கையை எடுங்கள், பின்பக்கமிருந்து எடுங்கள். சால்டரிங் செய்யும் இரண்டு கைகள் முழுப்பக்கத்தையும் தாங்கும். மாடலுக்குக் கொடுக்கும் நாள் சம்பளத்தை மாணவருக்குக் கொடுப்பதே முறை.

உண்மையில்லாத படம் நீண்ட நாள் மறைந்திருக்காது என்பதற்கு வெளிநாட்டில் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தன் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில், 1993இல் எடுத்த அமெரிக்கக் கால்பந்து ரசிகர் கூட்டத்தின் படத்தில், வேறு படத்திலிருந்து ஒரு கறுப்பின மாணவரின் முகத்தை வெட்டி ஒட்டியது. கூட்டத்தில் எல்லோரும் வெள்ளையர்களாக இருந்ததுதான் காரணம். அந்த மாணவர் அப்படி ஒரு ஆட்டத்துக்கே போனதில்லை. மாணவர் பத்திரிகையில் செய்தி வந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டுக் கையேட்டை மறுபடி அச்சிட்டது. எல்லா வகை மாணவரும் எங்களிடம் உண்டு என்று காட்ட விரும்பினால் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். அங்கே அவர்கள் இல்லை என்றால், படத்தில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சேர்க்கையில்தான் செய்ய வேண்டும்.

கடைசியாக, தங்களிடம் ஒரு கோரிக்கை. இந்த விளம்பரங்களை ஏற்கும் இடத்தில் தங்கள் நாளிதழ் இருக்கிறது. அடுத்த சேர்க்கைப் பருவத்திலிருந்து, கல்லூரி விளம்பரம் வாங்கும்போது ஒரு சிறு உறுதிமொழியையும் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்கலாம். படம் எந்த வளாகத்தில், எந்த மாதத்தில் எடுத்தது. இருப்பவர்கள் அங்கே படிப்பவர்களா. சம்மதப் படிவம் இருக்கிறதா. இவ்வளவுதான் அதில் வேண்டும். ஸ்டாக் படமோ, ஏ.ஐ. படமோ, கட்டட வரைபடமோ என்றால் படத்தின் ஓரத்தில் "மாதிரிப் படம்" என்று 8 பாயின்ட் எழுத்தளவிலாவது அச்சிடலாம். வளாகத்தில் எடுத்த உண்மைப் படம் என்றால் இடமும் மாதமும் அதே அளவில் வரட்டும். முதல் ஆண்டில் சில விளம்பரதாரர்கள் முணுமுணுக்கலாம். முழுப்பக்க விளம்பரத்துக்குச் செலவிடும் கல்லூரிக்கு ஒரு வரி குறிப்புப் போடுவது பாரமாகாது. கல்லூரிகள் திறக்கும் நாளுக்கு முன்பே இந்த நிபந்தனையை அறிவித்துவிட்டால், அவர்களுக்கும் படம் எடுக்க முழுதாக ஓர் ஆண்டு கிடைக்கும்.

இப்படிக்கு,
கல்லூரிப் புகைப்படக் கலைஞர்கள் மற்றும் விளம்பரப் பக்க வடிவமைப்பாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்